இழப்பா, மின்தடையா, யூனிட் செலவா: மின் விநியோகத்தின் திறனை எதைக் கொண்டு அளப்பது?

ஒரு 11 கே.வி. ஃபீடரை, அதாவது துணை மின் நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் 11,000 வோல்ட் தடத்தை, எடுத்துக்கொள்வோம். ஓராண்டில் துணை மின் நிலையத்திலிருந்து அதற்குள் போனது 120 லட்சம் யூனிட். பில் போட்டது 108 லட்சம் யூனிட், அதாவது 7.56 கோடி ரூபாய்க்கு. கைக்கு வந்தது 7.18 கோடி. இந்த ஃபீடரின் இழப்பு 10 சதவீதம் என்று ஒருவர் சொல்லலாம், இன்னொருவர் 14.5 என்று சொல்லலாம். மார்ச் மாதத்தில் பழைய பாக்கி கொஞ்சம் வசூலாகிவிட்டால் 8.2 என்றுகூட எழுதலாம். எதுவும் பொய்க்கணக்கு இல்லை. எடுத்த அளவுகோல்தான் வேறு.

வளரும் நாடுகளின் மின்துறையை அளக்கிற எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சென்னையில் ஒரு கோட்டத்தை அளக்கப் போகும் பொறியாளர், நுகர்வோர் அமைப்பு, ஆய்வு மாணவர் என யாராக இருந்தாலும் முன்னால் இருப்பவை ஐந்து: யூனிட் இழப்பு, வசூலையும் சேர்த்த ஏ.டி. அண்ட் சி. இழப்பு, மின்தடைக் கணக்கான சாய்டி–சாய்ஃபி, யூனிட்டுக்கு ஆகும் செலவுக்கும் வரவுக்கும் உள்ள இடைவெளி, பல அமைப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் டி.ஈ.ஏ. போன்ற எல்லைக்கோட்டு முறைகள். சென்னை நகரத்துக்குள் வேலை என்றால் யூனிட் கணக்கில் தொடங்குவதே சரி. மற்ற நான்கும் அது தேறிய பிறகுதான் அர்த்தப்படும்.

தமிழ்நாடு முழுமைக்கும் இதே யோசனையைச் சொல்ல முடியாது. மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகளுக்கு இலவச மின்சாரம் போகிறது, பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. பம்ப் செட்டின் குதிரைத்திறனை வைத்து, ஒரு ஹெச்.பி.க்கு ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று மதிப்பிட்டுத்தான் அந்த நுகர்வு கணக்கில் ஏறுகிறது. மதிப்பீட்டை ஏற்றினால் இழப்பு குறையும், இறக்கினால் கூடும். உள்ளே போன யூனிட் துல்லியமாகத் தெரிந்து, வெளியே வந்ததில் ஒரு பெரும் பங்கு ஊகமாக இருந்தால், கிடைக்கும் சதவீதமும் ஊகம்தான். நைஜீரியாவில் மீட்டர் இல்லாத வீடுகளுக்கு மதிப்பீட்டு பில் போடுவதால் வருகிற சிக்கலும் இதே ரகம். சென்னை மாநகரத்தில் பம்ப் செட் இணைப்பு அநேகமாக இல்லை, வீடும் கடையும் மீட்டர் வழியாகத்தான் எடுக்கின்றன. கணக்கு நேராக வரக்கூடிய இடம் என்றால் அது இந்த நகரம்தான். அப்படியும் ஏன் தப்பாக வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

யூனிட் இழப்பு: சதவீதத்துக்கு முன்னால் மீட்டர்

முதலில் எல்லையைக் குறித்துக்கொள்ள வேண்டும். துணை மின் நிலையத்தில் ஃபீடர் கிளம்பும் இடத்து மீட்டர் ஒரு முனை. அந்த ஃபீடரில் தொங்கும் ஹெச்.டி. (உயர் அழுத்த) இணைப்புகளும், ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரின் எல்.டி. (தாழ்வழுத்த) பக்க மீட்டரும், அதன் கீழுள்ள எல்லா வீட்டு, கடை மீட்டர்களும் மறுமுனை. மாநகராட்சித் தெருவிளக்கு, குடிநீர் வாரிய பம்பிங் நிலையம், கட்டுமானத் தற்காலிக இணைப்பு ஆகியவை இந்தப் பட்டியலில் ஏறியிருக்கின்றனவா என்று தனியாகப் பார்க்க வேண்டும். வீட்டு ரீடிங் வழியாக வராததால் விடுபடுகிறவை இவைதான்.

மீட்டர் துல்லியத்துக்கு மத்திய மின்சார ஆணையத்தின் 2006 விதிகள் அளவு சொல்கின்றன: 650 வோல்ட் வரை வகுப்பு 1.0, அதற்கு மேல் 33 கே.வி. வரை 0.5எஸ். மீட்டரால் வரும் பிழை சொற்பம். பெரும்பிழை சி.டி.யிலும் (பெரிய மின்னோட்டத்தை மீட்டர் தாங்கும் அளவுக்குச் சுருக்கித் தரும் கருவி) பெருக்குக் காரணியிலும்தான் (சுருக்கியதைத் திரும்பப் பெருக்கும் எண்). 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் எல்.டி. பக்க முழுச்சுமை 433 வோல்ட்டில் ஏறக்குறைய 333 ஆம்பியர். அதற்கு 400 ஆம்பியரை 5 ஆக்கும் 400/5 சி.டி. போட்டால் பெருக்குக் காரணி 80. முன்பு அங்கே 200/5 இருந்து, சுமை கூடியதால் சி.டி.யை மட்டும் மாற்றி, கணினியில் பழைய 40-ஐ அப்படியே விட்டுவிட்டால் உள்ளே போன மின்சாரம் பாதியாகத் தெரியும். அந்த டிரான்ஸ்ஃபார்மரில் இழப்பு எதிர்மறையாக வரும். எதிர்மறை இழப்பைப் பார்த்ததும் அந்த வரியை அழித்துவிட்டுச் சராசரி எடுக்கிற வழக்கம் உண்டு. அந்த வரிதான் கணக்கிலேயே பயனுள்ள வரி.

சி.டி.யின் முனை மாறிப்போவது இன்னொன்று. மூன்று ஃபேஸிலும் சம சுமை இருக்கும்போது ஒரு சி.டி. தலைகீழாக இணைந்திருந்தால், கூட்டிக் கழிக்கும் மீட்டர் மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டும். ஒரு ஃபேஸின் சி.டி. கம்பி கழன்றிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு. எந்தத் திசையில் ஓடினாலும் முன்னோக்கியே எண்ணும்படி அமைத்த மீட்டரில் முனை மாறியது தெரியாது. அங்கே ஒவ்வொரு ஃபேஸின் மின்னோட்டமும் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று காட்டும் ஃபேஸர் படத்தை மீட்டரிலிருந்து இறக்கிப் பார்த்தால்தான் உண்டு. களத்தில் சோதிக்க, கேபிளைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டர் போதும். கேபிளில் 240 ஆம்பியர் காட்டினால், 400/5 சி.டி. உள்ள மீட்டரின் திரையில் அதே ஃபேஸ் 3.0 ஆம்பியர் காட்ட வேண்டும். மூன்று ஃபேஸையும் ஒரே நேரத்தில், மாலைச் சுமையில் பார்ப்பது நல்லது. காலை பத்து மணிக்கு வீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் சின்னச் சுமையில் தப்பு கண்ணில் படாது.

அடுத்தது, எந்த வீடு எந்த டிரான்ஸ்ஃபார்மரில் என்பது. மேல்நிலைக் கம்பி ஓடும் ஊரில் கண்ணால் தொடர்ந்து போய்விடலாம். சென்னையின் பழைய பகுதிகளில் எல்.டி. கேபிள் தரைக்கடியில், தெருவோர விநியோகப் பெட்டியான பில்லர் பாக்ஸ் வழியாகப் போகிறது. கோடையில் ஒரு பில்லரில் சுமை தாங்காமல் ஃபியூஸ் போனால், பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் கேபிளில் சில வீடுகளை மாற்றிப் போடுவார்கள். அன்றைக்கு அது சரியான வேலை. அக்டோபரில் யாரும் திருப்பி மாற்றுவதில்லை, பதிவேட்டிலும் ஏறாது. ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் 25 சதவீத இழப்பும் அடுத்ததில் கழித்தல் 12-உம் வந்தால் திருட்டைத் தேடிப் போவதற்கு முன் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து ஒழுங்கான எண்ணாகிவிடும். இணைப்பைச் சரிபார்க்கச் செலவில்லாத வழி பராமரிப்பு மின்தடை நாள்தான். காலை 9 முதல் 2 மணி வரை எப்படியும் மின்சாரம் நிறுத்தும்போது, டிரான்ஸ்ஃபார்மர்களைப் பதினைந்து நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக நிறுத்தி, எந்தெந்த இணைப்பு அணைகிறது என்று குறித்தால் பட்டியல் கிடைத்துவிடும். தி.நகர் மாதிரி ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பகுதியில் ஆளே அலைய வேண்டாம். மீட்டரின் மின்தடைப் பதிவே சொல்லிவிடும்.

11 கே.வி. பக்கத்திலும் இதே கதை. ஆர்.எம்.யு. என்ற ஸ்விட்ச் பெட்டிகள் வழியாக வளையமாக இணைத்திருப்பதால், ஒரு கேபிளில் பழுது வந்தால் பாதி ஃபீடரை அடுத்த ஃபீடருக்குத் தள்ளிவிடலாம். மின்தடை குறைகிறது, யூனிட் கணக்கு கெடுகிறது. எந்த ஸ்விட்ச், எத்தனை மணிக்குத் திறந்து மூடியது என்ற பதிவு இல்லாவிட்டால், அடிக்கடி சுமை மாற்றிக்கொள்ளும் இரண்டு மூன்று ஃபீடர்களை ஒரே தொகுதியாக வைத்துக் கணக்கிடுவதே நேர்மை.

பிறகு காலம். தமிழ்நாட்டில் வீட்டு ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஏப்ரல், மே வெயிலில் ஏ.சி. ஓடிய யூனிட் ஃபீடர் மீட்டரில் அந்தந்த மாதமே ஏறிவிடும். பில்லில் ஜூன், ஜூலையில் வரும். மாதக் கணக்கு போட்டால் மே மாதம் கொள்ளை போனது மாதிரியும், ஜூலையில் மின்சாரம் தானாக விளைந்தது மாதிரியும் தெரியும். 12 மாதத் தொகுப்பை மாதம் ஒன்று நகர்த்திக்கொண்டே போவதுதான் மருந்து. மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் 2021 விதிமுறைகள் விநியோக நிறுவனங்களிடம் காலாண்டுக் கணக்கு கேட்கின்றன. இரண்டு மாத பில் முறையில் காலாண்டு எண்ணை முந்தைய காலாண்டோடு ஒப்பிடக் கூடாது, போன ஆண்டின் அதே காலாண்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

கூரைச் சூரிய மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு வீடு ஏற்றுமதி செய்த யூனிட், எடுத்த யூனிட்டை விடக் கூடிப்போனால் பில்லில் பூஜ்யம் வந்து மிச்சம் வரவு வைக்கப்படும். அந்த மிச்சத்தை அடுத்த வீடு எடுத்துப் பில்லும் கட்டியிருக்கும். ஏற்றுமதி யூனிட்டை ஃபீடரின் உள்ளீட்டோடு கூட்டாவிட்டால் இழப்பு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், முதலில் சொன்ன 10 சதவீதத்தை இரண்டாகப் பிரிக்கத்தான். 120 லட்சம் யூனிட்டை 8,760 மணியால் வகுத்தால் சராசரிச் சுமை 1,370 கிலோவாட். சுமைக் காரணி (சராசரிச் சுமையை உச்சச் சுமையால் வகுத்தது) 0.55 என்றால் உச்சம் 2,490. உச்ச நேரத்தில் கேபிளிலும் டிரான்ஸ்ஃபார்மர் சுருளிலும் சூடாகப் போவது 150 கிலோவாட் என்று வலையமைப்புக் கணக்கீட்டில் வந்ததாக வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப இழப்பு கூடுவதால் 150-ஐ அப்படியே ஆண்டு முழுதும் பெருக்கக் கூடாது. வழக்கமான சூத்திரம்: இழப்புக் காரணி = 0.3 × சுமைக் காரணி + 0.7 × சுமைக் காரணியின் வர்க்கம். இங்கே 0.377. ஆண்டுக்கு 4.95 லட்சம் யூனிட். 12 டிரான்ஸ்ஃபார்மர்கள் சுமை இல்லாமலே தலைக்கு அரை கிலோவாட் தின்றால் இன்னொரு 53 ஆயிரம். மொத்தத் தொழில்நுட்ப இழப்பு 5.5 லட்சம் யூனிட், அதாவது 4.6 சதவீதம். மீதி 6.5 லட்சம் யூனிட் மீட்டர் கோளாறு, தவறான பெருக்கல், பட்டியலில் இல்லாத இணைப்பு, கொக்கி ஆகியவற்றில் போகிறது. இந்த ஃபீடருக்குக் கேபிளை மாற்றப் பணம் கேட்பது தவறான முடிவு. மீட்டர் பெட்டிகளைத் திறந்து பார்க்க இரண்டு ஆட்களைப் போடுவதே சரியான முடிவு. மற்ற நான்கு அளவுகோல்களில் எதுவும் இதைச் சொல்லாது.

ஏ.டி. அண்ட் சி. இழப்பு

பில் திறனையும் வசூல் திறனையும் பெருக்கி ஒன்றிலிருந்து கழிப்பது. நம் ஃபீடரில் 0.90 × 0.95 = 0.855, இழப்பு 14.5 சதவீதம். மத்திய அரசின் திட்டங்கள் இதைத்தான் கேட்கின்றன. 2015 நவம்பரில் வந்த உதய் திட்டத்திலும், 2021 ஜூலையில் வந்த ஆர்.டி.எஸ்.எஸ். திட்டத்திலும் இதுவே இலக்கு. பின்னதில் 2024–25-க்குள் நாடளவில் 12 முதல் 15 சதவீதம் என்று வைத்தார்கள். நிதி வாங்க வேண்டுமென்றால் இதைப் போடாமல் தப்ப முடியாது.

ஆனால் பொறியியல் முடிவுக்கு இதை நம்பக் கூடாது. பழைய பாக்கி சேர்ந்து வசூல் 102 சதவீதம் ஆனால் 0.90 × 1.02 = 0.918, இழப்பு 8.2. கம்பியில் ஒரு யூனிட்கூட மிச்சமாகவில்லை. 2017-இல் மத்திய மின்சார ஆணையம் திருத்திய முறையில் மானியத்தை அறிவித்தபடி அல்ல, வந்தபடி எடுக்க வேண்டும். ஆண்டுத் தொடக்க நிலுவையையும் இறுதி நிலுவையையும் கணக்கில் கொண்டுவர வேண்டும். தள்ளுபடி செய்த பாக்கியை இறுதி நிலுவையோடு திரும்பக் கூட்ட வேண்டும் என்பதுதான் அடிக்கடி விடுபடுவது. விட்டால், கைவிட்ட பணமெல்லாம் வசூலான பணமாகத் தெரியும். அரசுத் துறைகளின் பாக்கி அதிகமுள்ள பிரிவு இந்த அளவில் எப்போதும் மோசமாக நிற்கும். அதற்கு அந்தப் பிரிவு அலுவலகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஃபீடர் அளவில் இதைப் போட்டால் அரசு இணைப்புகளின் நிலுவையைத் தனி வரியாக எழுதுங்கள்.

சாய்டி, சாய்ஃபி

ஒரு நுகர்வோருக்கு ஆண்டில் சராசரியாக எத்தனை நிமிடம் மின்சாரம் இல்லை என்பது சாய்டி, எத்தனை முறை என்பது சாய்ஃபி. 4,000 இணைப்புள்ள ஃபீடரில் 1,200 பேருக்கு மூன்று மணி நேரம் போனால் 1,200 × 180 ÷ 4,000 = 54 நிமிடம்; முறை 0.3. ஐ.இ.இ.இ. 1366 தரத்தின்படி ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட தடைதான் இதில் சேரும்.

சென்னையில் இதன் ஓட்டை எங்கே என்பது தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியும். துணை மின் நிலைய பிரேக்கர் (முழு ஃபீடரையும் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்த நேரத்தை மட்டும் வைத்து எண் எடுக்கிறார்கள். மே மாத இரவில் பதினோரு மணிக்குப் பில்லர் பாக்ஸில் ஒரு ஃபேஸ் ஃபியூஸ் போய் நாற்பது வீடுகள் இரண்டு மணி வரை விழித்திருந்தால், பிரேக்கர் பதிவில் அந்த இரவு நிம்மதியான இரவு. ஆகவே டிரான்ஸ்ஃபார்மர், பில்லர் அளவிலான தடையைப் புகார் பதிவிலிருந்தோ ஸ்மார்ட் மீட்டரிலிருந்தோ எடுத்துச் சேர்க்காத சாய்டியை நகரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். அப்படிச் சேர்க்கத் தொடங்கிய ஆண்டில் எண் திடீரென எகிறும். பழைய எண்ணோடு ஒரே வரைபடத்தில் போட்டால் சேவை சீரழிந்ததாகப் படும்.

புயல் நாளைத் தனியே பிரிக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 வர்தாவும் 2023 டிசம்பர் மிக்ஜாமும் சேர்ந்த சராசரியை வைத்து அன்றாடப் பராமரிப்பை மதிப்பிட முடியாது. அதற்கான முறை: ஐந்தாண்டு தினசரி சாய்டியின் இயல் மடக்கை எடுத்து, சராசரியோடு 2.5 மடங்கு திட்ட விலக்கத்தைக் கூட்டி, அந்த வரம்பைத் தாண்டும் நாட்களைத் தனிப் பட்டியலில் வைப்பது. தனிப் பட்டியலையும் வெளியிட வேண்டும், மறைக்கக் கூடாது.

இழப்பையும் மின்தடையையும் பிரித்துப் பார்க்கிற பழக்கம்தான் வளரும் நாடுகளில் பெரிய ஆபத்து. இழப்பு அதிகமுள்ள பகுதிக்குக் கூடுதல் நேரம் மின்வெட்டு போடும் முறை கராச்சியில் வெளிப்படையாகவே நடப்பில் இருக்கிறது. விற்கவே விற்காத மின்சாரத்தில் இழப்பு எப்படி வரும்? இழப்பு குறைந்தது என்று யாராவது சொன்னால், அதே காலத்துச் சாய்டியைக் கேட்க வேண்டும்.

செலவு–வரவு இடைவெளி

ஒரு யூனிட் கொடுக்க ஆகும் சராசரிச் செலவிலிருந்து அதற்கு வரும் வரவைக் கழிப்பது. நிதித்துறைக்கு வேண்டிய எண் இது. திறனை அளக்க உதவாது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கட்டணம் உயர்ந்தபோது, எந்தக் கம்பியும் மாறாமலே வரவு கூடியது. நிலக்கரி விலை ஏறினால் எவ்வளவு நன்றாக நடத்தினாலும் இடைவெளி விரியும். பிரித்துப் பார்த்தால் மட்டும் இதற்கு மதிப்பு உண்டு. ஆப்பிரிக்காவின் 39 நாடுகளைப் பற்றி உலக வங்கி 2016-இல் வெளியிட்ட ஆய்வு அப்படித்தான் செய்தது. பற்றாக்குறையைக் குறைந்த கட்டணம், கம்பி இழப்பு, வசூலாகாத பில், மிகை ஆட்கள் என்று நான்காக உடைத்துக் காட்டியது. முழுச் செலவையும் மீட்டவை உகாண்டாவும் சீஷெல்ஸும் மட்டுமே. நாடுகளை ஒப்பிட வேண்டியிருந்தால் நான் எடுப்பது இந்த முறையைத்தான், ஒற்றைச் சதவீதத்தை அல்ல.

எல்லைக்கோட்டு முறைகள்

ஃபாரல் 1957-இல் போட்ட அடித்தளத்தில் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் 1978-இல் கட்டியது டி.ஈ.ஏ. இருப்பவற்றில் சிறந்தவற்றை எல்லைக்கோடாக வைத்து மற்றவை எவ்வளவு உள்ளே நிற்கின்றன என்று பார்க்கும். விலை தெரியாத உள்ளீடுகளையும் ஒன்றாக எடைபோடுவது இதன் பலம். ஆனால் உள்ளீடும் வெளியீடும் சேர்த்து எத்தனை மாறிகளோ அதைப்போல் மூன்று மடங்காவது அலகுகள் வேண்டும் என்பது நடைமுறை விதி. ஐந்து மாறி என்றால் 15 கோட்டங்கள். குறைந்தால் பாதிக்கு மேல் முழு மதிப்பெண் வாங்கிவிடும், ஒப்பிடுவதற்கே எதுவும் மிஞ்சாது. எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரே கோட்டத்தின் தரவு தப்பாக இருந்தால் எல்லோருடைய மதிப்பெண்ணும் சரியும். மயிலாப்பூரையும் ராமநாதபுரத்தையும் ஒரே பட்டியலில் வைக்க, ஒரு கிலோமீட்டர் கம்பிக்கு எத்தனை இணைப்பு என்ற அடர்த்தி கட்டாயம் உள்ளே வர வேண்டும். ஆட்களின் எண்ணிக்கையை உள்ளீடாக வைத்தால், ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கணக்கில் காட்டாத கோட்டம் முதலிடம் வாங்கும்.

ஒழுங்குமுறை ஆணையத்துக்கு இது பயன்படும். பிரேசிலின் ஆணையம் மின் திருட்டு இழப்புக்கு இலக்கு வைக்கும்போது, ஒவ்வொரு நிறுவனமும் இயங்கும் பகுதியின் சமூகச் சிக்கலைக் குறியீடாக்கி, ஒத்த சூழலில் உள்ளவற்றோடு ஒப்பிடுகிறது. கோட்டப் பொறியாளருக்கு ‘உங்கள் மதிப்பெண் 0.83’ என்பதால் நாளைக் காலை செய்ய ஒரு வேலையும் இல்லை.

உற்பத்தியைப் பற்றி ஒன்று மட்டும். அனல்மின் நிலையத்தின் திறனை பி.எல்.எஃப்., அதாவது முழுக் கொள்ளளவில் எத்தனை சதவீதம் உற்பத்தி செய்தது என்ற எண்ணை வைத்து அளப்பது தவறு. காற்றாலைப் பருவத்தில் வட சென்னை நிலையத்தின் சுமையைக் குறைக்கச் சொன்னால் பி.எல்.எஃப். விழும், அது நிலையத்தின் குற்றமல்ல. ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோகலோரி என்ற வெப்ப வீதமே அளவு: ஒரு யூனிட் 860 கிலோகலோரிக்குச் சமம், அந்த 860-ஐ வெப்ப வீதத்தால் வகுத்தால் திறன். 2,500 என்றால் 34.4 சதவீதம். பாதிச் சுமையில் வெப்ப வீதமும் கெடும் என்பதால் எந்தச் சுமையில் அளந்தது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும்.

தொடங்குவதற்கு மூன்று ஃபீடர்கள் போதும்: பழைய கேபிள் பகுதியில் ஒன்று, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒன்று, கடைத்தெருவில் ஒன்று. முதல் இரண்டு மாதங்களில் சதவீதமே போட வேண்டாம். டாங் டெஸ்டர், இணைப்புப் பட்டியல், ஆர்.எம்.யு. ஸ்விட்ச் பதிவேடு, இந்த மூன்றையும் சரி செய்யவே அந்தக் காலம் ஓடிவிடும். பிறகு ஃபீடர் மீட்டரின் 15 நிமிடச் சுமைத் தரவை ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் இறக்கிக்கொள்ளுங்கள். அட்டவணையில் இழப்பை எழுதும்போது யூனிட் எண்ணிக்கை முதல் பத்தியில் இருக்கட்டும், சதவீதம் அதற்கு அடுத்து. 2 சதவீதம் இழக்கும் பெரிய ஃபீடரில், 20 சதவீதம் இழக்கும் சின்ன ஃபீடரைவிட அதிக யூனிட் போய்க்கொண்டிருக்கலாம். ஆள் அனுப்ப வேண்டியது அங்கேதான்.